போன் வழியே குடிநோய் சிகிச்சை: முதல் அழைப்புக்கு முன் முடித்துவிட வேண்டிய வேலைகள்

குடியை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த பிறகும் மருத்துவரிடம் போகாமல் நாளைக் கடத்துகிறவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர் கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும் அதே கணக்குதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போனவரோ மாதக்கணக்கில் ஊரிலேயே இல்லை. இத்தனையும் தாண்டி வந்தாலும், மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பங்காளி வீட்டார் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் வீடியோ அழைப்பில் மருத்துவரைப் பார்த்து, மருந்துச் சீட்டைப் போனிலேயே வாங்கிக்கொண்டு, வேலையை விடாமல் சிகிச்சையைத் தொடர்வது நல்ல வழி. ஆனால் அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு வருகிற நீண்ட மாதங்களில் போன் வழிச் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கிறது. நிறுத்துகிற முதல் வாரம் வேறு. தினமும் கடுமையாகக் குடித்தவருக்கு அந்த வாரத்தில் போனை மட்டும் நம்புவது ஆபத்து. ஆகவே எந்த டாக்டர், எவ்வளவு கட்டணம் என்று விசாரிப்பதற்கு முன்னால், முதல் வாரத்தை எங்கே கழிப்பது என்று தீர்மானியுங்கள்.

முதல் வாரம்: வீட்டிலா, மருத்துவமனையிலா?

பல வருடம் தினமும் குடித்த உடம்பில் திடீரென்று சாராயம் நின்றால் நரம்புகள் கொந்தளிக்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்; சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், யாரோ கூப்பிடுவதாகக் கேட்கும், இருக்கும் இடமே மறந்துபோகும். வீட்டார் காற்று கருப்பு என்று பயந்து மந்திரிக்க அழைத்துப் போய்விடுவார்கள். அது கோயில் வாசலில் கழிக்கும் நேரம் அல்ல. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது.

நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய கேள்வி. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அதற்கு முன்பே, நடுக்கத்தை அடக்குவதற்கென்று ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? அதற்காக இரவே பாட்டிலில் மீதம் வைக்கிறீர்களா, காலையில் சந்துக்கடையைத் தேடிப் போகிறீர்களா? ஆம் என்றால் உடம்பு சாராயத்தை நம்பி இயங்கப் பழகிவிட்டது. வீட்டில் தனியாக நிறுத்திப் பார்க்காதீர்கள்.

முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ, மனக்குழப்பமோ வந்தவர்கள், மஞ்சள் காமாலை உள்ளவர்கள், ரத்த வாந்தி எடுத்தவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், குடியோடு தூக்க மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள், வீட்டில் துணையில்லாதவர்கள் ஆகியோரும் நேரில்தான் போக வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர், பெருந்துறை, சேலம், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சில நாட்கள் அங்கே படுத்து எழுந்து, நடுக்கம் அடங்கிய பிறகு மீதியைப் போனில் தொடரலாம்.

மாலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழனிக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டு ஒரே நாளில் குடியை நிறுத்துவது நம் பக்கத்தில் வழிவழியாக நடப்பது. அந்தக் கட்டுப்பாடு பலரைக் காப்பாற்றியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர் மாலை போட்ட மறுநாள் வலிப்பு வந்து விழுந்தால், விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டார் என்று ஊர் பேசுகிறது. குறை விரதத்தில் இல்லை. மாலை போடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; நடுக்கத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டே விரதம் இருக்கலாம். மலையிறங்கி மாலையைக் கழற்றும் நாளுக்கு அடுத்த வாரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு இப்போதே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பலர் மறுபடி தொடுவது அந்த வாரத்தில்தான்.

போனில் கிடைக்கும் மருந்தும் கிடைக்காத மருந்தும்

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் 25 அன்று வந்த வழிகாட்டு நெறிமுறைகள் உள்ளன. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளை, மிகச் சில விலக்குகள் தவிர, போன் வழியாக எழுதித் தரக்கூடாது என்று அவை சொல்கின்றன. குடியை நிறுத்தும் நாட்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கத் தரப்படும் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், லோரசிபாம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. முதல் வாரத்துக்கு நேரில் போங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அந்த வாரத்துக்குத் தேவையான முக்கிய மருந்தைத் திரை வழியே பார்க்கும் மருத்துவர் எழுத முடியாது. "பேசினால் போதும், எல்லா மாத்திரையும் கூரியரில் வரும்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கும், ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கும் தரப்படும் புப்ரநார்பின் மருந்தும் அப்படித்தான். அதற்கென்று உள்ள மையத்துக்கு நேரில் போக வேண்டும். போலீசுக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: தாம் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், அந்த வழக்கிலிருந்து விடுபட அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது.

போனில் தாராளமாக நடக்கக்கூடியவை எவை? குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகளைத் தொடர்வது, தயமின் என்ற பி1 வைட்டமின், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்குமான சில மருந்துகள், வாரந்தோறும் ஆலோசனை. நால்ட்ரெக்சோன் தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை கேட்பார்கள். டிராமடால், டாபென்டடால் போன்ற வலி மாத்திரை எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவை உடம்பில் இருக்கும்போது நால்ட்ரெக்சோன் விழுங்கினால் கடும் வேதனையில் கொண்டுபோய் விடும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இடைவெளி வேண்டும். இரவெல்லாம் ஓட்டும் லாரி ஓட்டுநர்கள் முதுகுவலிக்கு என்று எதையாவது வாங்கி விழுங்கியிருப்பார்கள். பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையைக் கேமராவில் காட்டினால் போதும்.

பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப் ஆகியவற்றை விடுவதற்குப் போன் வழியே முழுக்கப் போதுமானது. அதற்கு முதல் வார ஆபத்தெல்லாம் இல்லை, எரிச்சலும் தலைவலியும்தான்.

யாரை அழைப்பது

செலவில்லாமல் தொடங்க 14416. இது 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் சேவை. இரவும் பகலும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவை என்றால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். வடமாநிலத் தொழிலாளி ஒருவருக்காக நீங்கள் விசாரிப்பதானால் அவர் மொழியிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446. புகையிலைக்கு 1800-11-2356. அரசின் இ-சஞ்சீவனி செயலியில் டோக்கன் எடுத்து மருத்துவரைப் பார்க்கலாம். மனநல மருத்துவர் இருக்கும் நேரத்தைப் பார்த்து உள்ளே போங்கள்.

தனியாரிடம் போவதானால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடினால் வந்துவிடும். கேட்டதற்காக முகம் சுளிக்கிற மருத்துவர் நமக்கு வேண்டாம். ஆலோசகர் வேறு, மருத்துவர் வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆலோசகர் மருந்து எழுத முடியாது. எழுதினால் அங்கேயே அழைப்பைத் துண்டியுங்கள். மருத்துவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இந்தியாவுக்குள் எங்கிருக்கும் நோயாளியையும் பார்க்க அந்த 2020 நெறிமுறை அனுமதிக்கிறது. ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் நிற்பவர் ஈரோட்டு மருத்துவரிடமே தொடரலாம்.

அழைப்புக்கு முதல் நாள் இரவு

ஒரு தாளை எடுத்து அளவை எழுதுங்கள். "ஏதோ கொஞ்சமுங்க" என்பது மருத்துவருக்கு எந்த வகையிலும் உதவாது. 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் சாராயம் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகு என்று வைத்தால் ஒரு குவார்ட்டர் 6 அலகு. இருவர் பங்கிட்டுக் குடிக்கும் கட்டிங் 3 அலகு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று 4 அலகைத் தொடும். பீர் குடிப்பதெல்லாம் குடியா என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். வேலை நாளில் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தை மணியோடு எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

அளவைச் சொல்லும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. "ஒரு குவார்ட்டர்தானுங்க டாக்டர்" என்று கணவர் கேமராவைப் பார்த்துச் சொல்ல, பின்னால் நிற்கும் மனைவி சத்தமில்லாமல் இரண்டு விரலைக் காட்டுவார். மருத்துவர் இரண்டையும் குறித்துக்கொள்வார். இதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. அளவைக் குறைத்துச் சொன்னால் வலிப்பைத் தடுக்கும் ஏற்பாடும் குறைந்துபோகும், அவ்வளவுதான்.

பழைய மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது எடுக்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்பிப் படம் எடுத்து வையுங்கள். கையில் கட்டும் பிரஷர் கருவியைக் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, முகவரி உறுதிசெய்யக் கேட்பார்கள். முகவரி விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். அழைப்பின் நடுவே வலிப்பு வந்தால் 108 வண்டி அந்த முகவரிக்குத்தான் வரும். தோட்டத்து வீடு என்றால் பக்கத்துக் கோயில், பால் சொசைட்டி என்று ஓர் அடையாளமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இடம் பெரிய பிரச்சினை. தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. மருத்துவருக்கு எப்படி விழும்? மோட்டார் ரூமில் ஒளிந்து பேசலாம் என்று போனால், மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடத் தொடங்கும். மொட்டை மாடி, நிறுத்திய கார், களத்தில் ஒரு வேப்பமரத்தடி என்று சிக்னல் இருக்கும் இடத்தை முதல் நாளே நடந்து பார்த்து வையுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதை எந்த நல்ல மருத்துவரும் ஏற்க மாட்டார்.

அழைப்பில் என்ன நடக்கும்

மருத்துவர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்வார். பிறகு "இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டுங்கள்" என்பார். நீட்டிய விரல் நுனியில் தெரியும் நடுக்கத்தை வைத்து எவ்வளவு கடுமை என்று கணிக்கிறார். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணின் வெள்ளையைக் காட்டச் சொல்வார், இன்று என்ன தேதி என்று கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேலி என்று எண்ண வேண்டாம். குழப்பம் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கள் நேரில் வர வேண்டும்" என்று அவர் சொன்னால் கட்டணம் வீண் என்று கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நல்ல மருத்துவர் என்பதற்கு அதுவே அடையாளம். அழைப்பை முடிப்பதற்குள் மூன்று விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்த அழைப்பு எப்போது, இரவில் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த அறிகுறி வந்தால் போனை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போவது.

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மருத்துவருக்கு உண்டு. உங்கள் போனுக்கு அப்படிக் கடமை ஏதும் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டு கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழந்தை விளையாட எடுக்கும் போன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் பிரிண்ட் எடுத்தால் அழித்துவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளூர் மருந்துக் கடைக்காரர் சொந்தக்காரராக இருந்தால் பக்கத்து டவுனில் வாங்கலாம், தவறில்லை. சீட்டில் மருத்துவரின் பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் தர மறுப்பார்.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

வீட்டுப் பெண்களுக்கு இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரத்தைப் பஸ் நிலையச் சுவரில் பார்த்திருப்பீர்கள். இப்படி மறைத்துத் தரப்படுவது பல நேரம் டைசல்பிராம் என்ற மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். எழுத்துபூர்வமாகவோ வாய்மொழியாகவோ நோயாளி சம்மதித்து, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது கடந்த பிறகு, மருத்துவர் சொல்லித் தொடங்க வேண்டிய மருந்து இது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். அறிந்தே எடுப்பவர்கூட, புளிக்கவைத்துச் செய்வதால் சாராயம் ஊறியிருக்கும் அரிஷ்டம், ஆசவம் போன்ற நாட்டு மருந்துகளையும், சாராயம் கலந்த இருமல் டானிக்கையும் தொடக்கூடாது. அம்மிணி, உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனாலும் சாம்பார் சட்டியில் இதைக் கலக்காதீர்கள். 14416-க்கு நீங்களே அழைத்து, அவர் வர மறுக்கிறார் என்று சொல்லலாம். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு.

பிறகு வரும் மாதங்கள்

அழைப்பு நேரத்தை யோசித்துக் குறியுங்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். கையில் பணம் விழுந்து, கூட்டாளி "வா மாப்பிள்ளை" என்று தோளில் கைபோடும் அந்த மாலைக்குச் சற்று முன்னால், நாலு மணிக்கு ஆலோசகரோடு பத்து நிமிடம் பேசும்படி அமைத்துக்கொண்டால், திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது பயன் தரும். சம்பளத்தை நேராக மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொல்வது இன்னொரு வழி. மாரியம்மன் நோம்பி, ஆடி 18, கிடாவெட்டு என்று கறியும் பாட்டிலும் சேர்ந்து வரும் நாட்களை நாள்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட்டு, அதற்கு முந்தைய வாரத்தில் ஓர் அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட முடியும்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் அடுத்த அழைப்பைத் தவிர்க்கத் தோன்றும். சிகிச்சையை விட்டவர்களில் பலர் அந்த ஓர் அழைப்பை எடுக்காமல் விட்டவர்கள்தான். எடுத்து, குடித்ததைச் சொல்லுங்கள். மருத்துவர் திட்டுவதில்லை, மருந்தை மாற்றுகிறார், அடுத்த அழைப்பை நெருக்கமாக வைக்கிறார். வலி மாத்திரை ஊசி, ஹெராயின் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை: சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவற்றைப் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். வெளிமாநிலம் கிளம்பும் ரிக் தொழிலாளர்கள் ஒரு மாத மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். தீர்வதற்குப் பத்து நாள் முன்பே அடுத்த அழைப்புக்குப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் ராஜஸ்தான் கிராமத்து மருந்துக் கடையில் அகாம்ப்ரோசேட் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கல்லீரல் பரிசோதனையும் நேரில் ஒரு சந்திப்பும் கேட்பார்கள். ஊர் வரும் தேதியோடு அதைப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.